மூன்று கடுகு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. கண் எரிச்சலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணன் இன்னும் வாசலில் செருப்பைக்கூட ஸ்கேல் வைத்ததுபோல நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறாரா?

வேலை கிடைத்துவிட்டது அண்ணி! அதுவும் எங்கே தெரியுமா? நீங்கள் பை விற்றால் வாங்கியவரின் பணம் எந்தத் தளம் வழியாக வருகிறதோ, நம் வீட்டில் 'பணப்பெட்டி' என்று சொல்வோமே, அந்தக் கம்பெனியில்தான். போலி மெயில் பிரிவு. பணப்பெட்டியின் பெயரிலும், நீங்கள் கடை போட்டிருக்கும் 'பெரிய கடை'யின் பெயரிலும் திருடர்கள் மெயில் அனுப்புகிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் அதை எங்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் பதினான்கு பேர் உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்கிறோம். ஒரு நாளைக்கு எனக்கு மட்டும் முந்நூறு.

இதன் விளைவு என்னவென்றால், எனக்கு எதன் மீதும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. விடுதியில் பக்கத்து அறைப் பெண் "உனக்கு ஒரு பார்சல் வந்திருக்கு" என்றாள். "ஆதாரம் காட்டு" என்று கேட்டுவிட்டேன். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் இந்தத் தபால். திரையில் இனி ஒரு வரி கூடுதலாகப் படித்தாலும் என் கண் கழன்று விழுந்துவிடும். போனில் பேசலாமென்றால் அண்ணனின் காது ரிசீவருக்குள்ளேயே குடியிருக்கும். நீங்கள் கைப்பட எழுதுங்கள். உங்கள் கோழிக் கிறுக்கலை உலகத்தில் எந்தத் திருடனாலும் போலி செய்ய முடியாது.

உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை. போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். கம்பெனிச் சின்னம் கோணலாக இருக்கும். நீலம் வெளுத்திருக்கும். "இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இங்கே அழுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று மிரட்டும். பார்த்ததும் குப்பையில் போடுங்கள்.

ஜூலை வரை எனக்குச் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம். அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் தங்கச்சி இப்போது திருடன் பிடிக்கிறவள் என்று.

உங்கள் தையல் மெஷின் சத்தத்துக்கு ஏங்கும்,
வாலு

*

பிப்ரவரி 17

என் அருமை நாத்தனார் வாலுவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. வேலைக்கு வாழ்த்து. முதுகு வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போது வலிப்பது சந்தோஷ வலி. காரணத்தைக் கேள்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஒரு பெரிய வாத்தியக் குழு என் கடையைப் பார்த்திருக்கிறது. அறுபது பை வேண்டுமாம்! வயலினுக்கு முப்பது, ஊதுகிற வாத்தியங்களுக்கு இருபத்துநான்கு, ஆளுயரத்துக்கு நிற்கும் செல்லோவுக்கு ஆறு. ஜூலையில் கிளம்புகிறார்கள். அவர்கள் அலுவலக விதிப்படி பெரிய கடை வழியாகத்தான் வாங்குவார்களாம், அதனால் எல்லாம் என் கடைப் பக்கத்திலேயே நடக்கும். பன்னிரண்டு வருஷம் தொழிற்சாலையில் சட்டைக் காலர் மட்டும் தைத்தவள் நான். ஒரு முழுச் சட்டையைக்கூட என் கையால் முடித்ததில்லை. இந்தக் கடையைத் திறந்து ஐந்து வருஷத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அந்தக் குழு வந்தது. காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் பார்க்காமல் எனக்குப் பல் விளக்க வராது.

முன்னறை முழுக்கக் கேன்வாஸ். உன் அண்ணன் ஸ்பாஞ்ச் வெட்டித் தருகிறார். அச்சகத்தில் லே-அவுட் செய்கிற கை அல்லவா, ஒரு நூல் பிசகாது. ஆனால் வாய்தான் சும்மா இருப்பதில்லை.

உன் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். அதற்கு மறுநாளே எனக்கு ஒரு போலி மெயில் வந்தது. நீ சொன்னபடியே கோணல் சின்னம், வெளுத்த நீலம். நான் குப்பையில் போடப் போனேன். இவர் விடவில்லை. "திருடுறதுதான் திருடுறான், அதை ஒழுங்கா செய்ய வேணாமா? இந்த நீலத்தைப் பாரு, துவைச்சுப் போட்ட கைலி மாதிரி! பட்டனுக்கும் எழுத்துக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கா?" என்று ஒரே குதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதை உட்கார்ந்து சரிசெய்தார். "இப்ப இது யாருக்கு?" என்றேன். "பாடம் எடுக்கிறேன்" என்றார். அதோடு எதையோ ஒரு தட்டு தட்டிவிட்டு, தேர்வு எழுதி முடித்தவர் மாதிரி சோம்பல் முறித்து எழுந்தார். உங்கள் பரம்பரைக்கே ஒரு மரை கழன்றுதான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணை மூடி மூடித் திற.

உன் அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அறுபது பையா! கடிதத்தைப் படித்துவிட்டு விடுதி மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினேன். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு தையுங்கள்.

இங்கேயும் அமர்க்களம். கேளுங்கள். பத்து நாளாகப் போலி மெயில்களின் முகமே மாறிவிட்டது. முதல் மெயிலைப் பார்த்ததும் எங்கள் பதினான்கு பேரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றுவிட்டோம். என்ன நீலம் அண்ணி! எங்கள் கம்பெனி நீலமே தோற்றுப்போகும். சின்னம் நிமிர்ந்து நிற்கிறது. பட்டனைச் சுற்றி அளவான இடம். நிஜ மெயிலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நிஜம்தான் போலி மாதிரி இருக்கிறது. திட்ட வேண்டிய நாங்கள் கைதட்டாத குறை. தொழில் தெரிந்த ஒருவன் அந்தக் கும்பலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான் என்பது எங்கள் முடிவு. அவனுக்கு 'ஓவியர்' என்று பெயர் வைத்துவிட்டோம். "இன்னிக்கு ஓவியர் எத்தனை?" என்றுதான் காலையில் ஒருவரையொருவர் விசாரிக்கிறோம். தினமும் ஆயிரக்கணக்கில் போகிறது.

எங்கள் மேலதிகாரி அம்மாள் கண்ணாடியை நெற்றியிலேயே வைத்திருப்பவர். நாங்கள் வைத்த பெயர் நெற்றிக்கண். அவர் நேற்று எல்லோரையும் கூப்பிட்டு, "அந்த ஓவியர் யாருன்னு துப்பு கொடுக்கிறவங்களுக்குச் சோதனைக் காலம் கிடையாது, அன்னிக்கே நிரந்தரம்" என்று சொல்லிவிட்டார். விடுவேனா? மதியச் சாப்பாட்டையும் திரைக்கு முன்னால்தான் சாப்பிடுகிறேன். பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிவிட்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். போன கடிதத்தில் பார்த்தாலே தெரியும் என்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். இனி பார்த்துத் தெரியாது. மெயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிலுள்ள லிங்கை அழுத்தாதீர்கள். கடை முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

அண்ணனுக்கு ஓவியரின் வேலையை ஒருமுறை காட்ட வேண்டும். அவர் மெச்சுகிற மாதிரி ஒரு ஆள் கடைசியில் கிடைத்துவிட்டான்.

வேட்டையில் இருக்கும்,
வாலு

*

மார்ச் 16

வாலு,

நலமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. போனில் நான் அழுததில் பாதி உனக்குப் புரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. என் கடை பன்னிரண்டாம் தேதி போய்விட்டது.

காலை பதினொரு மணி. முதல் செல்லோ பையின் அடிப்பகுதியை மெஷினில் வைத்திருக்கிறேன், ஊசி பாதியில் நிற்கிறது. மெயில் வந்தது. "உங்கள் ஆர்டருக்கான முன்பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று உறுதிசெய்யாவிட்டால் ஆர்டர் ரத்தாகும்." வாத்தியக் குழுவின் பணம்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். வாலு, அதில் ஒரு கோணல் இல்லை. நீலம் நீலமாக இருந்தது. நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். அது கேட்ட கடைப் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். மெஷினில் அடிநூல் பாபினை மாற்றிவிட்டு வந்து கடையைத் திறந்தால் என்னை உள்ளேயே விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் போனில் பார்த்தோம். என் கடைப் பெயர் இருக்கிறது, என் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரம் இருக்கிறது, உள்ளே எவனோ பாதி விலைக்குக் கேமரா விற்கிறான்!

பெரிய கடைக்காரர்களைக் கூப்பிட்டால், கடை என்னுடையதுதான், திருட்டு மெயிலால்தான் போனது என்பதற்கு ஆதாரம் கொடு, அறுபது நாள் ஆகும் என்கிறார்கள். நல்லவேளை, குழுவின் மேலாளர் அம்மா நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு எச்சரித்துவிட்டேன். தங்கமான மனுஷி. "மே ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கறேன், அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார்.

இப்போது உன் அண்ணன் விஷயம். நான் அழுததைக் கேட்டு அச்சகத்திலிருந்து ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த மெயிலைக் காட்டச் சொன்னார். திரையைப் பார்த்தார். அப்படியே ஸ்பாஞ்ச் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதோடு சரி. ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்த நாலு நாளாகப் பாத்திரமெல்லாம் அவரே கழுவுகிறார். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த மெயிலை அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். உன் பூதக்கண்ணாடிக்கு வேலை கொடு. அந்த ஓவியன் மட்டும் என் கையில் கிடைத்தால் கத்தரிக்கோலால் கேன்வாஸ் கிழிக்கிற மாதிரி கிழித்துவிடுவேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த தாளும் கிடைத்தன. புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மனம் தளராதீர்கள். தைப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு சின்ன உதவி. உங்கள் கல்யாணப் பத்திரிகையை அண்ணன்தானே அச்சகத்தில் வடிவமைத்தார்? ஓரம் வெட்டாத முதல் ப்ரூஃப் தாள் ஒன்றை நீங்கள் பீரோவில் வைத்திருந்த ஞாபகம். அதை எனக்கு அனுப்ப முடியுமா?

அண்ணன் சாப்பிடுகிறாரா?

வாலு

*

ஏப்ரல் 5

அன்புள்ள வாலுவுக்கு,

நான் இருக்கிறேன். முப்பத்தொன்பது பை முடித்துவிட்டேன், விற்கக் கடை இல்லாமலேயே. பத்து நாளாய்த் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நீண்டுவிட்டது. கடைசியில் வந்தது ஒரு முழம் காகிதத்தில் ஏழு வரி. ஓவியர் எங்கே, நெற்றிக்கண் எங்கே, உன் வேட்டை எங்கே?

கேட்ட ப்ரூஃப் தாளை அனுப்பியிருக்கிறேன். என்னை உங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்ததே தப்பு என்று இப்போதுதான் நிரூபிக்கப் போகிறாயா? வலது மூலையில் கீழே பார், கடுகு மாதிரி மூன்று புள்ளி. அது உன் அண்ணனின் அடையாளம். அந்த அச்சகத்தில் ஒவ்வொரு லே-அவுட்காரருக்கும் ஒரு குறி உண்டு. ஒருவர் சின்ன வட்டம் போடுவார், ஒருவர் பெருக்கல் குறி. தவறு வந்தால் யார் வேலை என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அச்சான பிறகு கட்டிங் மெஷினில் ஓரத்தை வெட்டும்போது அது போய்விடும். வெளியே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இவருக்குக் கை பழகிவிட்டது, மளிகைப் பட்டியல் எழுதினாலும் மூலையில் மூன்று கடுகு இருக்கும்.

கடுகு சிறிதுதான். ஆனால் நான் ஊசிக்கண்ணோடு குடும்பம் நடத்துகிறவள், வாலு.

இங்கே இரண்டு நாளாய் மழை. கேன்வாஸ் நமத்துப் போகாமல் மேலே தூக்கி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் சாப்பிடுகிறார். தட்டையும் கழுவி வைக்கிறார். தூக்கத்தில் பெருமூச்சு விடுகிறார்.

அண்ணி

*

ஏப்ரல் 11
(அச்சக முகவரிக்கு)

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

மூன்று கடுகு. இரண்டு தாளிலும் பார்த்துவிட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னால் எனக்கு அன்றைக்கே வேலை நிரந்தரம். அதனாலேயே சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அண்ணியைப் போல யாரோ ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அலுவலகம் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

வாலு

*

ஏப்ரல் 18

என் வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணன் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பையின் லைனிங்குக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். "லைனிங் பிரிஞ்சிருந்தா ஒரு தையல் போட்டுக் கொடு" என்று போனில் உன்னிடம் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். தபால்காரரே தன் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொண்டுவருகிறார்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு சிரிக்கிறேன்.

நேற்று அச்சகத்திலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தார். "வேலை விஷயமா ஒரு ரெண்டு மூணு நாள் வெளியூர் போகணும்" என்றார். "எந்த ஊருக்கு?" என்றேன். உன் ஊரைச் சொன்னார். "அப்படியே வாலுவையும் பாத்துட்டு வாங்க" என்றேன். "பாக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அவர் ஸ்பாஞ்ச் மேல் உட்கார்ந்திருந்தபோது அச்சடித்த தாளை நான் கையில் வைத்திருந்தேன். மூலையில் மூன்று கடுகு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, பாடம் எடுத்தது, ஒரு தட்டு தட்டியது எல்லாம் சேர்ந்து புரிந்துவிட்டது. திருடனுக்கு அழகாகத் திருடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறேன். அந்த ஓணானுக்குச் சாயம் பூசி அனுப்பியவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்கு நான் ஏன் நேராக எழுதவில்லை என்று கேட்பாய். நீ அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாய். நான் எழுதினால் அது உன் அண்ணன் மேல் நான் கொடுத்த புகார் ஆகிவிடும். அவரிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஒத்துக்கொள்வார். கேட்காமல் சொல்ல வேண்டும், வாலு. எனக்கு அது வேண்டும். கடை திரும்ப வருவதற்கு முன்னால் அது வேண்டும்.

அவரை அதட்டாதே. அதட்டுகிற உரிமையில் முதல் வரிசை என்னுடையது. அலுவலகத்தில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஏப்ரல் 21

அண்ணி! அண்ணி! அண்ணி!

நலம், நலம், நலம். லைனிங்கைப் பிரித்துவிட்டேன், திரும்பத் தைத்தும் விட்டேன், என் தையலைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு முன்பே வாசலில் நிற்கிறார் அண்ணன். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருக்கிறார். நான் கையைப் பிடித்தேன். "நீ பேசாதே, நான் பேசறேன்" என்றார். நேராக நெற்றிக்கண் முன்னால் போய் நின்று, "நீங்க தேடற ஓவியர் நான்தான்" என்றார்.

பதினான்கு நாற்காலியும் ஒரே நேரத்தில் திரும்பின. நெற்றிக்கண் கண்ணாடியை முதல்முறையாகக் கண்ணில் போட்டார்!

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அசிங்கமாக ஒரு மெயில் வந்தது, பொறுக்கவில்லை, 'இதுகூடத் தெரியாமல் ஏன் திருட வருகிறாய்' என்று சரிசெய்து அவனுக்கே திருப்பி அனுப்பினேன், அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான் என்றார். நெற்றிக்கண், "எதுக்குய்யா அனுப்பினீங்க?" என்று கத்தினார். அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "திமிரு."

அப்புறம் அந்த மூன்று கடுகைக் காட்டினார். "நான் வச்ச குறி. காகிதமா இருந்தா கட்டிங்ல போயிருக்கும். மெயிலை வெட்ட ஆள் இல்லையே. அவனுங்க பாக்கலை, அப்படியே நகல் எடுத்துட்டானுங்க." அவ்வளவுதான் அண்ணி! அந்தக் குறி இருக்கிற மெயிலையெல்லாம் தேடிப் பிடிக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தோம். மத்தியானத்துக்குள் ஒன்பதாயிரம். அந்தக் குறியை மெயில் சேவைக்காரர்களுக்கும் கொடுத்தோம், மூன்று மணிக்கு மேல் ஒன்றுகூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டு மாதமாகப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதை மூன்று கடுகு ஒரே நாளில் செய்துவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது சும்மாவா?

பழைய மெயில்களையும் வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு கடைகள் இப்படியே போயிருக்கின்றன என்று ஆதாரத்தோடு பட்டியல் எடுத்துப் பெரிய கடைக்கு அனுப்பிவிட்டோம். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. அவர்கள் இன்று திருடர்கள் தொட முடியாதபடி அத்தனை கடைகளையும் முடக்கிவிட்டார்கள். உரியவர்களிடம் திருப்பித் தர ஒரு வாரம் என்கிறார்கள். மே ஒன்றுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணன் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஒரு லாபமும் பார்க்கவில்லை, தானாக வந்து சொன்னார் என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கிளம்பும்போது சும்மா இருந்தாரா? சுவரில் ஒட்டியிருந்த எங்கள் கம்பெனியின் நிஜ மெயிலைப் பார்த்து, "இது ரெண்டு நூல் இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். நெற்றிக்கண் அடிக்காத குறை. ஆனால் அளந்து பார்த்தால் சாய்ந்துதான் இருக்கிறது. அதனால் இன்னும் ஒரு வாரம் இங்கே இருந்து, எப்படி உற்றுப் பார்ப்பது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

என் விஷயம்: தெரிந்தும் மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன் என்பதை நானும் சொல்லிவிட்டேன். நிரந்தரம் இல்லை. சோதனைக் காலம் அக்டோபர் வரை நீண்டுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வருத்தமே இல்லை.

உங்களுக்குத் தெரியும் என்று அண்ணனிடம் நான் மூச்சுவிடவில்லை. விடுதிக்கு எதிரே ஒரு அறையில் தங்கியிருக்கிறார். காகிதமும் பேனாவும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

வாலு

*

ஏப்ரல் 23

உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நான்கு தாளைக் கிழித்தாகிவிட்டது. வரி கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். நீ சாப்பிட்டாயா? முதுகு எப்படி இருக்கிறது?

உன் கடையைத் தொலைத்தது நான். நீ அழுத்திய அந்த மெயிலைச் செய்தது என் கை. அந்த ஞாயிற்றுக்கிழமை சரிசெய்து அந்தத் திருடனுக்கே அனுப்பினேன். அவன் வெட்கப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஏன் வெட்கப்பட வேண்டும்? சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள், நான் உன் செலவில் வைத்துவிட்டேன்.

இதை வாலுவிடமும் அவள் அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். அங்கே சொன்னது சுலபமாக இருந்தது. அங்கே சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு நீ அழுதுகொண்டே திரையைக் காட்டினாய். என் வேலை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அப்போது முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'நல்லா வந்திருக்கே' என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியை என்னால் கழுவ முடியவில்லை. எத்தனை பாத்திரம் கழுவினாலும் போகவில்லை.

ஐந்து வாரம் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், சொல்லவில்லை. கடை திரும்பி வருமா என்று தெரியாது. வராவிட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும் என்பதால் வருவதற்கு முன்பே எழுதுகிறேன்.

நீ வரச் சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

மே 1

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. உடனே பதில் போடவில்லை. ஐந்து வாரம் நான் காத்திருந்தேன், ஐந்து நாளாவது நீங்கள் இருங்கள் என்றுதான்.

எனக்கு முதல் நாளே தெரியும். மூலையில் மூன்று கடுகைப் பார்த்துவிட்டேன். உங்கள் தங்கையும் நானும் தாளை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம், நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். உங்களைத் திட்டுவதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன். கடை போனதற்காக இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அதற்காக. இரண்டு தடவை உலுக்கிக் கேட்டுவிடலாமென்று கை நீட்டினேன். அந்தப் பட்டியலை உங்கள் கடிதத்தைப் படித்தபின் அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த ஒரு நொடியைப் பற்றி எழுதினீர்கள் பாருங்கள், அதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. அதனால்தான் உங்களை நம்புகிறேன்.

இப்போது சேதி! நேற்றுக் காலை பத்து மணிக்கு மெயில் வந்தது, "உங்கள் கடை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, இங்கே அழுத்தவும்" என்று. அழுத்துவேனா? மெயிலை மூடினேன். முகவரியை நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அவசரத்தில் மூன்று தடவை தப்பாகப் போனது. நான்காவது தடவை கதவு திறந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, ஒன்று குறையவில்லை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். உடனே வாத்தியக் குழு அம்மாவைக் கூப்பிட்டேன். "ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்களே!" என்று சிரித்தார். ஆர்டர் இன்று காலை வந்துவிட்டது.

கேமரா விற்றவன் கடையை வைத்தே ஏமாற்றினானே, நாளைக்கு என் பையைப் போலவே ஒன்றைப் போலியாகச் செய்தால்? அதனால் எல்லாப் பையிலும் லைனிங்கின் உள் மூலையில் கறுப்பு நூலால் மூன்று முடிச்சு போட ஆரம்பித்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அங்கே எந்தக் கட்டிங் மெஷினும் போகாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். நான்கு செல்லோ பைக்கு ஸ்பாஞ்ச் வெட்ட வேண்டும். நீங்கள் போன நாளிலிருந்து பாத்திரமும் போட்டது போட்டபடி கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரி